மெசேஜ் வருகிறது, ஆள் வருவதில்லை: முற்பதிவு எங்கே நழுவுகிறது என்று கண்டுபிடிக்கும் வழிமுறை

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்கு ஒரு சிறிய அச்சகம் இருக்கிறது. விசிட்டிங் காட், கல்யாண அழைப்பிதழ், கடைப் பெயர்ப்பலகை ஆகியவற்றை அடித்துக் கொடுப்பதுதான் என் தொழில். ஆனால் காட்டில் போட வேண்டிய வட்ஸ்அப் இலக்கத்தைச் சொல்ல வருகிறவர்கள், "மெசேஜ் நிறைய வருது அண்ணை, ஆள்தான் வாறதில்லை" என்று கூடவே முறையிடுவதும், நான் அவர்களுடைய தொலைபேசியை வாங்கி உரையாடல்களைப் புரட்டிப் பார்ப்பதும் சில வருடங்களாக வழக்கமாகிவிட்டன. மணப்பெண் அலங்காரம் செய்பவர், சாரி பிளவுஸ் தைப்பவர், பல் மருத்துவ நிலையத்தின் வரவேற்பு மேசையில் இருப்பவர், ஏசி திருத்துபவர் என்று தொழில் மாறினாலும் பிழை ஏறக்குறைய அதே இடங்களில்தான் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவற்றைக் காசு செலவழிக்காமலே திருத்தலாம்.

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனையைச் செய்யுங்கள். கடைசியாக வந்த 20 உரையாடல்களை எடுத்து, ஒவ்வொன்றும் எந்த வரியோடு நின்றுபோயிற்று என்று ஒரு தாளில் எழுதுங்கள். உரையாடலே இல்லை, அல்லது வாடிக்கையாளரின் முதல் வரிக்குப் பதிலே இல்லை என்றால் அறிகுறி 1. நீங்கள் சொன்ன விலையோடு நின்றிருந்தால் அறிகுறி 2. அவர் சொன்ன "ஓம்", "சரி", "பாப்பம்" என்பவற்றோடு நின்றிருந்தால் அறிகுறி 3. நாளும் நேரமும் பேசி முடித்த பிறகும் குழப்பம் நேர்ந்திருந்தால் 4 அல்லது 5. பணத்தில் நின்றிருந்தால் 6. எல்லாம் சரியாக நடந்தும் ஆள் வரவில்லை என்றால் 7. தாளில் எந்த இலக்கம் அதிகம் விழுகிறதோ அதிலிருந்து தொடங்குங்கள். ஒரே நாளில் ஏழையும் திருத்தப் புறப்பட்டால் எது பயன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

## அறிகுறி 1: விளம்பரம் போட்டும் செய்தியே வரவில்லை

### வந்தது, ஆனால் கண்ணில் படவில்லை

இதுதான் முதலில் பார்க்க வேண்டியது. இன்ஸ்டாகிராமில் நீங்கள் பின்தொடராத ஒருவர் அனுப்பும் செய்தி நேராக உங்கள் பெட்டிக்கு வராமல் வேண்டுகோள்களுக்கான தனிப் பகுதியில் போய் விழக்கூடும். அதற்குள்ளேயே மறைக்கப்பட்ட வேண்டுகோள்கள் என்று இன்னொரு அறையும் இருக்கிறது. பேஸ்புக் பக்கத்தின் இன்பொக்ஸிலும் ஸ்பாம் என்ற ஒரு மூலை உண்டு. இவற்றைத் திறந்து பார்த்தபோது, தெஹிவளையில் தையல் கடை நடத்தும் ஒருவருக்கு மூன்று மாதத்து விசாரணைகள் அப்படியே அடுக்கிக் கிடந்தன. மெட்டா பிசினஸ் சூட் என்ற இலவசச் செயலியை இறக்கிக்கொண்டால் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டின் செய்திகளையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை மேற்சொன்ன மூலைகளைத் திறந்து பார்ப்பதை ஒருவருடைய வேலையாக்குங்கள்.

பதிவின் கீழே கருத்தாக "விலை?" என்று கேட்பவர்களும் விசாரிப்பவர்களே. பேஸ்புக் பக்கத்திலிருந்து ஒரு கருத்துக்குத் தனிச்செய்தியாகப் பதில் அனுப்ப 7 நாள் அவகாசமும் ஒரே ஒரு செய்திக்கான இடமும்தான் உண்டு. அந்த ஒரு செய்தியை "வணக்கம்" என்று மட்டும் எழுதி வீணாக்காதீர்கள்.

### சுட்டி பிழை

வட்ஸ்அப்புக்கு நேராகக் கொண்டுபோகும் குறுஞ்சுட்டியிலும் கியூஆர் படத்திலும் இலக்கம் 94 என்று தொடங்கி, முன்னால் உள்ள 0 இல்லாமல், கூட்டல் குறியும் இடைவெளியும் இல்லாமல் இருக்க வேண்டும். 077 என்ற இலக்கம் 9477 ஆக வேண்டுமே தவிர 94077 ஆகக் கூடாது. இந்த ஒரு பூச்சியத்தால் 500 காட்டுகளை என் செலவில் மறுபடி அடித்துக் கொடுத்த அனுபவம் எனக்கு உண்டு. அதன் பிறகு, உங்கள் இலக்கத்தைச் சேமித்து வைத்திருக்காத இன்னொருவரின் தொலைபேசியில் சோதிக்காமல் எதையும் அச்சுக்கு விடுவதில்லை.

### பக்கத்தின் சாவி உங்களிடம் இல்லை

பக்கத்தை ஆரம்பித்துக் கொடுத்த மருமகன் கனடாவுக்குப் போய்விட்டார், அல்லது வேலையை விட்டு நின்ற பிள்ளையின் கணக்கில்தான் பக்கம் இருக்கிறது என்பது கொழும்பில் நான் அடிக்கடி கேட்கும் கதை. அவரோடு பேச்சுவார்த்தை இருக்கும்போதே உங்கள் கணக்குக்கு முழுக் கட்டுப்பாட்டைத் தரச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. அவரைத் தொடர்புகொள்ள முடியாத நிலை வந்தால் மட்டும், இத்தகைய பக்கங்களை மீட்டுத் தந்து பழக்கப்பட்ட ஒருவரிடம் போக வேண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால் புதிய பக்கம் தொடங்குவதே மலிவு.

## அறிகுறி 2: விலை கேட்கிறார்கள், சொன்னதும் மௌனமாகிவிடுகிறார்கள்

பெரும்பாலானோர் உடனே "என்ர விலை கூட" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். விலையைக் குறைப்பது இந்தப் பட்டியலில் கடைசியாகச் செய்ய வேண்டியது.

### பதில் எத்தனை மணிக்குப் போனது?

உரையாடலின் பக்கத்தில் உள்ள நேரத்தைப் பாருங்கள். இரவு 9 மணிக்குக் கேட்டவருக்கு மறுநாள் மத்தியானம் பதில் போயிருந்தால், இடையில் அவர் இன்னும் இரண்டு கடைகளிடம் கேட்டு முடித்திருப்பார். வட்ஸ்அப் பிசினஸ் செயலியில் கடை மூடியிருக்கும் நேரத்துக்கென ஒரு தானியங்கிச் செய்தியை வைக்கலாம். அதில் "காலை 9 மணிக்குப் பதில் தருவோம்" என்று நேரத்தைச் சொல்லுங்கள். போயா தினம் எப்போது என்று அந்தச் செயலிக்குத் தெரியாது. மாதம் ஒரு முறை நீங்களே மாற்றி வைக்க வேண்டும். முதல் வணக்கச் செய்தி என்று இன்னொன்றும் இருக்கிறது. அது முதன்முறை எழுதுபவருக்கும், 14 நாள் பேச்சே இல்லாமல் இருந்து மீண்டும் எழுதுபவருக்கும் மட்டுமே போகும் என்பதால், முகவரியையும் விலையையும் அதில் மட்டும் எழுதிவைத்துவிட்டு எல்லோரும் வாசித்திருப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

### பதில் எதில் முடிந்தது?

"2,500 ரூபாய்" என்று மட்டும் எழுதினால் வாடிக்கையாளருக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அவர் கேட்டதற்குப் பதில் கிடைத்துவிட்டது. உரையாடல் இயல்பாகவே முடிந்துவிட்டது. விலைக்குப் பின்னால் உண்மையாகவே காலியாக உள்ள இரண்டு நேரங்களை வைத்து ஒரு கேள்வியாக முடியுங்கள். ஒரு தையல் கடைக்கு நான் எழுதிக் கொடுத்தது இப்படி இருக்கும்: "லைனிங்கோடு சாரி பிளவுஸ் தைக்க 2,500 ரூபாய். அளவு எடுக்க 15 நிமிடம் போதும். வியாழன் 12ஆம் திகதி பிற்பகல் 4 மணியா, சனி 14ஆம் திகதி காலை 10 மணியா உங்களுக்கு வசதி?" எப்போது வசதி என்று பொதுவாகக் கேட்டால் அவர் யோசிக்க வேண்டியிருக்கிறது, யோசிக்கப் போனவர் திரும்பி வருவது அரிது. இத்தகைய பதில்களை வட்ஸ்அப் பிசினஸில் விரைவுப் பதில்களாக 50 வரை சேமித்துவைத்து, சாய்கோட்டைத் தட்டி எடுத்துக்கொள்ளலாம். திகதியை மட்டும் ஒவ்வொரு முறையும் மாற்ற மறக்கக் கூடாது.

### வெளிச் சுட்டிக்கு அனுப்பினீர்களா?

"இந்த போர்மை நிரப்புங்கள்" என்று கூகுள் போர்ம் சுட்டி அனுப்பும் பழக்கம் இப்போது பரவியிருக்கிறது. சமூக ஊடகங்களுக்கு மட்டுமான டேட்டா பொதியில் இருப்பவருக்கு வட்ஸ்அப் திறக்கும், அந்தச் சுட்டி திறக்காது. அதை உங்களிடம் சொல்லவும் மாட்டார், பேசாமல் போய்விடுவார். கேட்க வேண்டிய மூன்று விவரங்களை உரையாடலுக்குள்ளேயே கேளுங்கள்.

### எந்த மொழியில் பதில் போனது?

கொழும்பில் ஒரே நாளில் தமிழ், சிங்களம், ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் தமிழ், ஆங்கில எழுத்தில் சிங்களம் ஆகிய ஐந்து வகையிலும் விசாரணை வரும். எந்த எழுத்தில் கேட்டாரோ அந்த எழுத்திலேயே பதில் சொல்வது நல்லது. விலை, இடம், நேரம் பற்றிய மூன்று விரைவுப் பதில்களை மூன்று மொழியிலும் வைத்துக்கொண்டால் பெரும்பாலானவற்றுக்குப் போதும். சிங்களப் பதிலை இயந்திர மொழிபெயர்ப்போடு விட்டுவிடாமல் அந்த மொழியைப் பேசி வளர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதற்கென்று ஒரு மொழிபெயர்ப்பாளருக்குச் சிறு தொகை கொடுத்தாலும் தகும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் மௌனம் தொடர்ந்தால், கட்டண விளம்பரம் எந்தப் பிரதேசத்துக்குக் காட்டப்படுகிறது என்று பாருங்கள். வெள்ளவத்தைக் கடையின் விளம்பரம் தீவு முழுவதற்கும் ஓடிக்கொண்டிருந்தால், மட்டக்களப்பிலிருந்து விலை கேட்பவர் விலை மட்டும்தான் கேட்பார். அமைப்பைத் திருத்தியும் ஒரு மாதம் பயன் இல்லையென்றால் விளம்பரம் நடத்தத் தெரிந்தவரை அழைக்கலாம்.

## அறிகுறி 3: "ஓம்" என்கிறார்கள், ஆனால் எதுவும் உறுதியாவதில்லை

### "ஓம்" எந்தக் கேள்விக்கு?

"சனிக்கிழமை சரியா, முற்பணம் இன்றைக்கே போடுவீங்களா?" என்று இரண்டையும் ஒன்றாகக் கேட்டால் வரும் "ஓம்" எதற்கானது என்று எவருக்கும் தெரியாது. ஒரு செய்தியில் ஒரு கேள்வி. பெருவிரல் குறி வந்தால் "வாசித்தேன்" என்று மட்டுமே எடுத்துக்கொள்ளுங்கள்.

### "பாப்பம்"

நம்மவர் பேச்சில் இது மரியாதையான மறுப்பு. ஒரு முறை, இரண்டு நாள் கழித்து, "இந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுக்கலாமா?" என்று கேளுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். மூன்றாம் முறை துரத்தினால் அந்த ஆள் அடுத்த வருடமும் வரமாட்டார்.

### "வீட்டில கேட்டிட்டுச் சொல்றன்"

இதைச் சாக்கு என்று நினைக்க வேண்டாம், பெரும்பாலும் உண்மை. கல்யாண வேலைகளில் செய்தி அனுப்புபவர் மணமகளின் தங்கையாகவும், முடிவெடுப்பவர் வட்ஸ்அப்பைத் திறந்தே பார்க்காத பெரியம்மாவாகவும் இருப்பார். நீங்கள் நாலைந்து துண்டாக அனுப்பிய விவரங்களைத் தங்கை வாயால் சொல்லும்போது பாதி உதிர்ந்துவிடும். விலை, என்ன அடங்கும், எங்கே, எந்த இரண்டு நாள்கள் காலி என்பவை எல்லாம் ஒரே செய்தியில் இருக்கும்படி எழுதி, "வீட்டாருக்கு இதை அப்படியே அனுப்புங்கள்" என்று சொல்லுங்கள்.

### "நல்ல நேரம் பார்த்துக் காசு போடுறன்"

வெள்ளிக்கிழமை முற்பகல் 11 மணிக்கு முற்பணம் கேட்டால் ராகு காலம் முடியும்வரை, அதாவது 12 மணி வரை, பலர் போடமாட்டார்கள். மறந்தும் போவார்கள். "அப்ப 12 மணிக்குப் பிறகு போடுங்கோ, 3 மணி வரைக்கும் இந்த இடத்தை வைத்திருக்கிறேன்" என்று நேரத்தோடு ஒப்புக்கொள்ளுங்கள். எந்தக் காரணமானாலும், காத்திருப்பதற்கு ஒரு முடிவு நேரம் எழுத்தில் இருக்க வேண்டும். அந்த நேரம் கடந்தால் உண்மையிலேயே இடத்தை விடுவிக்க வேண்டும். ஒரு முறை சொல்லிவிட்டு விடுவிக்காத கடையின் சொல்லை அடுத்த முறை யாரும் பொருட்படுத்துவதில்லை.

இந்த அறிகுறிக்கு வெளியாள் எவரும் தேவையில்லை.

## அறிகுறி 4: நாள் பேசியாயிற்று, ஆனால் இரு பக்கத்திலும் வேறு வேறு நாள்

நான் பார்த்தவற்றில் அதிக சேதம் விளைவிப்பது இதுதான். உரையாடலை வாசித்தால் எல்லாம் சரியாகவே இருப்பதுபோலத் தோன்றும் என்பதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

### நள்ளிரவுக்குப் பின்னான நேரம்

என் மச்சாள் மணப்பெண் அலங்காரம் செய்பவர். ஞாயிறு அதிகாலை முகூர்த்தம் உள்ள ஒரு கல்யாணத்துக்கு, மணமகள் வீட்டில் வேலையை 1.30க்குத் தொடங்க வேண்டும். மணமகளின் அண்ணன் "சனி இரவு 1.30" என்று எழுதினார். மச்சாள் அதைத் தொலைபேசி நாட்காட்டியில் சனிக்கிழமை, 1.30, முற்பகல் என்று பதிந்துகொண்டார். நாட்காட்டிக்கு அது வெள்ளி இரவு. ஆகவே உதவிக்கு நிற்கும் பிள்ளையும் மச்சாளும் பெட்டிகளோடு ஓட்டோ பிடித்து வத்தளைக்குப் போய், விளக்கு அணைந்த ஒரு வீட்டின் கேற்றடியில் நாய் குரைக்க நின்றார்கள். ஒரு நாள் முந்திப் போனதால் பிழைத்தது. பிந்தியிருந்தால் கல்யாண வீட்டுக்கு என்ன பதில் சொல்வது?

அண்ணன் எழுதியதிலும் பிழை இல்லை. நம்மவர் கணக்கில் நாள் சூரிய உதயத்தில் மாறுகிறது. பஞ்சாங்கமும் அப்படித்தான் சொல்கிறது. தொலைபேசிக்கு நாள் நள்ளிரவில் மாறுகிறது. எனவே இரவு 12 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடைப்பட்ட எந்த நேரத்தையும் இரண்டு கணக்கிலும் எழுதுங்கள்: "சனிக்கிழமை இரவு கழிந்து, ஞாயிறு 15ஆம் திகதி அதிகாலை 1.30." மச்சாள் இப்போது முகூர்த்த நேரத்தையும் கேட்டு அதே வரியில் சேர்த்துக்கொள்கிறார். அதிகாலை 1.30க்கு அலங்காரம், 6 மணிக்கு முகூர்த்தம் என்று இரண்டும் ஒன்றாக நின்றால் பிழை தானாகவே கண்ணில் குத்தும்.

### "வாற வெள்ளி", "அடுத்த வெள்ளி"

புதன்கிழமை நின்றுகொண்டு "அடுத்த வெள்ளி" என்றால் சிலருக்கு நாளை மறுநாள், சிலருக்கு அடுத்த கிழமை. கிழமைப் பெயரை மட்டும் ஒருபோதும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். திகதியைச் சேர்த்துத் திருப்பி அனுப்புங்கள். நள்ளிரவு தாண்டி 12.20க்கு வந்த "நாளைக்கு வரலாமா?" என்பதற்கும் இதே மருந்துதான். எழுதியவர் இன்னும் தூங்கவில்லை. அவருடைய நாளை, உங்கள் தொலைபேசியின் இன்று.

### "பின்னேரம்"

பின்னேரம் என்பது ஒருவருக்கு 3 மணி, இன்னொருவருக்கு 6.30. "5 மணி" என்று மட்டும் எழுதினாலும், காலை 5 மணிக்கே வேலை தொடங்கும் தொழில்களில் குழப்பம்தான். அதிகாலை, காலை, பிற்பகல், மாலை, இரவு என்ற சொல் இல்லாமல் நேரம் எழுதக் கூடாது என்று கடையில் ஒரு விதி வையுங்கள்.

### வெளிநாட்டிலிருந்து பதிவு செய்பவர்

கல்யாணம் கொழும்பில், ஏற்பாடு செய்பவர் லண்டனிலோ ரொறன்ரோவிலோ என்பது நமக்குப் புதிதல்ல. இலங்கை நேரம் வருடம் முழுவதும் மாறாது, அவர்களுடையது மாறும். கோடையில் லண்டன் நம்மைவிட 4 மணித்தியாலம் 30 நிமிடம் பின்னால், குளிர்காலத்தில் 5 மணித்தியாலம் 30 நிமிடம். ரொறன்ரோ கோடையில் 9 மணித்தியாலம் 30 நிமிடம், குளிர்காலத்தில் 10 மணித்தியாலம் 30 நிமிடம். வீடியோ அழைப்பில் மாதிரி காட்ட நேரம் குறிக்கும்போது இரண்டு ஊர் நேரத்தையும் எழுதுங்கள். மார்ச் மாதத்திலும், ஒக்டோபர் கடைசி முதல் நவம்பர் தொடக்கம் வரையிலும் மறுபடி சரிபாருங்கள். அப்போதுதான் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். 05/08 என்று அவர்கள் எழுதினால் அது ஓகஸ்ட் 5ஆ, மே 8ஆ என்று கேளுங்கள். மாதத்தை எழுத்தில் எழுதினால் இந்தக் கேள்விக்கே இடமில்லை.

### எல்லாவற்றுக்கும் பொதுவான சோதனை

நேரம் ஒப்புக்கொண்ட உடனே கடையிலிருந்து ஒரு முழு வரி போக வேண்டும்: பெயர், வேலை, கிழமை, திகதி, மாதம், நேரம், இடம், முற்பணம். அதற்கு வாடிக்கையாளர் "சரி" என்று எழுதிய பிறகே அது முற்பதிவு. வாடிக்கையாளர் எழுதியதையே பிரதிசெய்து அனுப்பாமல் உங்கள் சொல்லில் எழுதுங்கள். பிழை தெரிவது அப்போதுதான். வட்ஸ்அப் பிசினஸில் உள்ள வர்ணச் சிட்டைகளில் "காத்திருப்பது" என்று ஒன்று, "உறுதி" என்று ஒன்று வைத்து, இந்த "சரி" வந்த பின்னர் மட்டும் மாற்றுங்கள்.

## அறிகுறி 5: ஒரே நேரத்தில் இருவர் வந்து நிற்கிறார்கள்

எளிய காரணம், நேரில் வந்தவரும் தொலைபேசியில் அழைத்தவரும் எங்கும் எழுதப்படாமல் போவது. அடுத்தது, கடையில் ஒரு கொப்பி, முதலாளியின் தொலைபேசியில் ஒரு நாட்காட்டி என்று இரண்டு பதிவேடுகள் இருப்பது. எது வேண்டுமானாலும் ஒன்றே இருக்கட்டும். கொப்பிதான் வசதி என்றால் கொப்பியே போதும், ஆனால் வீட்டிலிருந்து இரவில் பதில் எழுதுபவர் கொப்பியைப் பார்க்க முடியாது என்பதால் "காலையில் உறுதிசெய்கிறேன்" என்று மட்டுமே அவர் எழுதலாம். இருவர் பதில் எழுதும் கடைக்குப் பகிர்ந்துகொண்ட கூகுள் நாட்காட்டி நல்லது, அதுவும் இலவசம். வட்ஸ்அப்பை முதன்மைத் தொலைபேசி தவிர மேலும் 4 கருவிகளில் இணைக்கலாம் என்பதால் எல்லோரும் ஒரே உரையாடலையே பார்க்க முடியும். பதிவேட்டில் எழுதுபவர் மட்டுமே "உறுதி" என்ற சொல்லைப் பயன்படுத்த வேண்டும். மற்றவர்கள் "பார்த்துச் சொல்கிறோம்" என்பதோடு நிறுத்த வேண்டும்.

வீட்டுக்குப் போய்ச் செய்யும் வேலைகளில் இன்னொரு காரணம் இருக்கிறது. வேலை நேரம் மட்டும் பதியப்படுகிறது, பயண நேரம் பதியப்படுவதில்லை. மாலை 5 மணிக்கு வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் போக ஆகும் நேரம் ஞாயிறு காலையில் ஆகும் நேரம் அல்ல. பயணத்தையும் ஒரு முற்பதிவு போலவே நாட்காட்டியில் பதியுங்கள்.

மூன்று நான்கு பேர் தனித்தனியாக வேலை செய்யும் கடையாகி, மேற்சொன்னவற்றைச் செய்தும் மோதல் தொடர்ந்தால், அப்போது முற்பதிவு மென்பொருள் தருபவரை அழைக்கலாம். அழைக்கும்போது இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். இத்தகைய மென்பொருளோடு இணைவதற்கான வட்ஸ்அப்பின் நிறுவனத் தளத்துக்கு (WhatsApp Business Platform) உங்கள் இலக்கத்தை மாற்றினால், வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணித்தியாலத்துக்குப் பின், வட்ஸ்அப்பிடம் முன்கூட்டியே அனுமதி பெற்ற வார்ப்புருச் செய்தியை (template) மட்டுமே அனுப்ப முடியும். அதற்குக் கட்டணம் எவ்வாறு என்பது முதலாவது. வாடிக்கையாளர் விவரங்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன என்பது இரண்டாவது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென இலங்கையில் 2022இல் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. பல் மருத்துவ நிலையம் போன்று உடல்நல விவரம் வாங்கும் இடங்கள் இதைச் சிரித்துக் கடக்க முடியாது.

## அறிகுறி 6: முற்பணத்தில் நின்றுபோகிறது

### ஸ்லிப் வந்தது, காசு வரவில்லை

முதலில் சந்தேகப்பட வேண்டியது வாடிக்கையாளரை அல்ல, அனுப்பிய முறையை. வங்கிக்கு வங்கி அனுப்பும்போது செஃப்ட்ஸ் வழியாகப் போட்டால் உடனே வந்துவிடும்; ஸ்லிப்ஸ் என்ற முறையில் போட்டால் தொகுதியாகவே செல்லும் என்பதால் அடுத்த வேலைநாள் வரையும் ஆகலாம், இடையில் போயாவோ சனி ஞாயிறோ வந்தால் இன்னும் நீளும். அடுத்த காரணம் கணக்கு இலக்கத்தில் ஓர் இலக்கம் மாறியிருப்பது. இலக்கத்தைப் படமாக அனுப்பாமல் எழுத்தாக, தனிச் செய்தியாக அனுப்பினால் அவர் பிரதிசெய்து ஒட்டலாம். போலியாக மாற்றிய ஸ்லிப் படம் என்பது கடைசியாக நினைக்க வேண்டிய காரணம். எதுவாயினும் படத்தைப் பார்த்து உறுதிசெய்யாதீர்கள். உங்கள் வங்கிச் செயலியில் பாருங்கள். "ஸ்லிப் கிடைத்தது, கணக்கில் விழுந்ததும் உறுதிசெய்கிறேன்" என்ற பதில் யாரையும் புண்படுத்தாது. இரண்டு வேலைநாள் கடந்தால் கொடுக்கல் வாங்கல் இலக்கத்தோடு வங்கிக் கிளைக்குப் போங்கள்.

### காசு போடவே தயங்குகிறார்

கடையின் பெயர் ஒன்று, கணக்கில் உள்ள பெயர் வேறொன்று. முன்பின் தெரியாத ஒருவரின் பெயருக்குப் பணம் அனுப்ப எவரும் யோசிப்பார். கணக்கு யாருடைய பெயரில் என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள். திகதி மாறினால் முற்பணம் என்ன ஆகும், ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்பதையும் காசு கேட்கும் அதே செய்தியில் எழுதுங்கள்.

## அறிகுறி 7: எல்லாம் உறுதி, ஆனால் ஆள் வரவில்லை

முந்தைய நாள் நினைவூட்டல் போயிற்றா என்று பாருங்கள். போகாவிட்டால் அதுவே காரணம். நினைவூட்டலை வட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலில் அனுப்பும் கடைகள் இருக்கின்றன. உங்கள் இலக்கத்தைத் தம் தொலைபேசியில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும், மற்றவர்களுக்குப் போகாது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே அனுப்புங்கள். "நாளை காலை 10 மணிக்கு வருகிறீர்களா? ஓம் அல்லது இல்லை என்று எழுதுங்கள்" என்று பதில் கேட்கும் வடிவில் இருக்கட்டும். மாலை வரை பதில் இல்லையென்றால் ஒரு முறை அழையுங்கள்.

நினைவூட்டியும் வராதவர் சிலர் இடம் தெரியாமல் திரும்பிப்போனவர்கள். காலி வீதியில் ஒரே மாதிரியான ஒழுங்கைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. கடல் பக்கமா, உட்பக்கமா, எந்தக் கடைக்கு எதிரே, வாகனம் நிறுத்த இடமுண்டா என்று எழுதி வரைபடக் குறியையும் சேர்த்து அனுப்புங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வராதவர்கள் அதிகம் என்றால் முற்பணம் வாங்கத் தொடங்குங்கள். இது செலவில்லாத வழிபோலத் தோன்றினாலும், சிறு வேலைகளுக்கு முற்பணம் கேட்டால் நல்ல வாடிக்கையாளரும் நழுவக்கூடும். முடி வெட்டுக்குக் கேட்க வேண்டாம். மூன்று மணித்தியாலம் நாற்காலியை அடைக்கும் வேலைக்கு அவசியம் கேளுங்கள்.

## அறிகுறி 8: வட்ஸ்அப்பே திடீரென்று வெளியேறிவிட்டது

தாளில் இது வராது, ஆனால் வந்தால் மற்ற எல்லாம் நின்றுவிடும். வாடிக்கையாளர் போலவோ தெரிந்தவர் போலவோ பேசி, குறுஞ்செய்தியில் வந்த 6 இலக்கக் குறியீட்டை யாராவது கேட்டு வாங்கியிருந்தால் கணக்கு அவர் கையில் இருக்கிறது. உடனே உங்கள் இலக்கத்தை மறுபடி பதிவுசெய்து, புதிதாக வரும் குறியீட்டை இடுங்கள். அந்த ஆள் வெளியேற்றப்படுவார். அவர் இரட்டைப் பாதுகாப்புக் குறியீடு வைத்திருந்தால் அது இல்லாமல் நுழைய 7 நாள் காத்திருக்க வேண்டும். காசு கேட்டு உங்கள் பெயரில் செய்திகள் போயிருந்தால் பொலிஸிலும், இணையச் சம்பவங்களைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் அமைப்பிலும் முறையிடுங்கள். இந்த இடத்தில் அச்சகக்காரனிடம் வந்து பயனில்லை. அறிமுகமில்லாத பலருக்கு ஒரே செய்தியை மொத்தமாக அனுப்பியதால் வட்ஸ்அப் தடைசெய்திருந்தால் செயலிக்குள்ளேயே மறுபரிசீலனை கேட்கலாம்.

காத்திருக்கும் நாள்களில் முற்பதிவுகளைக் காப்பாற்றுவது, தொலைபேசிக்கு வெளியே எழுதிவைத்த பெயரும் இலக்கமும்தான். மச்சாளின் கொப்பியில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் வாடிக்கையாளரின் இலக்கத்தோடு வீட்டிலுள்ள இன்னொருவரின் இலக்கமும் இருக்கிறது. வத்தளைக் கேற்றடியில் நின்ற இரவில் அண்ணனின் தொலைபேசி அணைந்திருந்தபோது வாங்க நினைத்த இலக்கம் அது.